துண்டுக்குள் பேசிய சம்பளம்

முன்னொரு காலத்தில் மணலூர் நாட்டைச் சொக்கேந்திரன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். ஆண்டான் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். அவன் முழுநேரத் தொழில் குளிப்பது. அரண்மனையின் மூன்றாம் மாடியில் ஓர் அருவி வேண்டும் என்று ஒருநாள் தோன்றியது. அதற்காக ஆற்றிலிருந்து நீர் ஏற்றும் யந்திரங்கள் வந்தன. அவற்றை ஓட்ட யந்திரக் கலாசாலையில் படித்தவர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் பேசக் கருவூலத் தலைவர் தாண்டவராயர் வந்தார்.

ராயர் மாட்டுச் சந்தையில் ஒரு வித்தையைக் கண்டுவைத்திருந்தார். தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதே வித்தை. அரண்மனையிலும் சம்பளம் துண்டுக்குள்தான். ஒரு விரல் பிடித்தால் மாதம் ஒரு பொன். துண்டுக்குள் பேசியதை வாய்விட்டுச் சொன்னவருக்கு அன்றே வேலை போகும் என்று ஒரு சட்டமும் போட்டார். பிறகு ஒவ்வொருவர் காதிலும், "உமக்கு மட்டும்தான் இவ்வளவு. வெளியே மூச்சு விடாதீர்" என்பார். ஒவ்வொருவரும் தாம்தான் ராயருக்குச் செல்லப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துப் பாவப்பட்டுக்கொண்டே பட்டினி கிடந்தார்கள். இப்படி மிச்சம் பிடித்ததற்காக ராயருக்கு ஆண்டுதோறும் பட்டுச் சால்வை கிடைத்தது.

அந்த ஆண்டு கலாசாலையில் தேறி வந்தவள் அஞ்சுகம். முதல் சம்பளம் நெற்றி எழுத்து மாதிரி, பிற்பாடு ஏறுவதெல்லாம் அதன்மேல்தான் ஏறும் என்று அவளுக்குத் தெரியும். இன்று குறைத்து வாங்கினால் கிழவியாகும்வரை குறைவுதான்.

சபை கூடியது. பழைய யந்திரக்காரர்கள் வழக்கப்படி சாட்சிக்கு நின்றார்கள்.

"என்ன எதிர்பார்க்கிறாய், பெண்ணே?" என்றார் ராயர்.

"இந்த வேலைக்கு இங்கே என்ன கொடுக்கிறீர்கள், ஐயா?"

"அது ரகசியம். உனக்கோ அனுபவம் இல்லை. வாசலில் உன்னைப்போல் நூறு பேர் நிற்கிறார்கள். அரண்மனைத் தண்ணீரைத் தொடுவதே பாதிச் சம்பளம்!"

"மீதிப் பாதியைச் சொல்லுங்கள், ஐயா."

அரசன் சிரித்துவிட்டான். ராயருக்குச் சுருக்கென்றது. அவள் கைமேல் துண்டை வீசி, உள்ளே இரண்டே விரல்களைப் பிடித்தார்.

அஞ்சுகம் கண்ணை அகல விரித்தாள். சபை முழுதும் கேட்கும்படி, "ஐயா, இதை மாதாமாதம் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு மாட்டுவண்டியும் தருவீர்களா?" என்றாள்.

இருபது வருடமாக யந்திரம் ஓட்டும் மாசிலாமணி முன்னால் வந்தார். அவர் மீசை துடித்தது.

"வண்டியா? நேற்று வந்த பிள்ளைக்கு வண்டி நிறையவா? ராயரே, எனக்கு ஐந்து பொன்தானே கொடுக்கிறீர்!"

"உமக்கு ஐந்தா?" என்று அலறினான் பக்கத்தில் நின்ற வேம்பன். "எனக்கு நாலுதானே! நாட்டிலேயே நான்தான் அதிகம் வாங்குகிறேன் என்றாரே!"

"எனக்கு மூன்று!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அழுதது.

ராயர் துள்ளினார். "அரசே! எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள். சட்டப்படி எல்லோரையும் நீக்குங்கள். வாசலில் நிற்கும் நூறு பேரைக் கூப்பிடுகிறேன்!"

மாசிலாமணி இடுப்பிலிருந்த மதகுச் சாவியைக் கழற்றித் தரையில் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். நேரத்துக்கு மதகைத் திறந்துவிட யாரும் போகாததால், மாடியில் அருவியின் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. அரசன் முகம் வாடியது. அது அவன் குளிக்கும் நேரம்.

"நூறு பேரும் வரட்டும், அரசே," என்றாள் அஞ்சுகம். "ஆனால் என் வண்டிக் கதையை வாசலிலேயே கேட்டிருப்பார்கள். ஆளுக்கொரு வண்டி கேட்பார்கள்."

"நூறு வண்டியா!" அரசன் எழுந்தே விட்டான். "ராயரே, என் கஜானாவை இவளுக்கு அள்ளிக் கொடுத்தீரா?"

"பொய், அரசே! வண்டியாவது மண்ணாவது! இரண்டு பொன்! இரண்டே இரண்டு பொன்தான் கொடுத்தேன்!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ராயரும் வாய்விட்டுச் சொல்லிவிட்டார், அரசே," என்றாள் அஞ்சுகம் பணிவாக. "சட்டம் அவர் போட்டதுதான்."

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு, "கெட்டிக்காரி! வா, உனக்கு மட்டும் பத்து விரலும் தருகிறேன். நமக்குள் இருக்கட்டும்," என்று கண்ணடித்தான்.

அவள் மாசிலாமணியைப் பார்த்தாள். துண்டை மெல்ல உருவி எடுத்தாள். "துண்டில்லாமல் சொல்லுங்கள், அரசே. அவருக்கு இருபது, எனக்கு எட்டு, மற்றவர்களுக்கு அனுபவத்துக்குத் தக்கபடி இடையில். எல்லோர் காதிலும் விழும்படி."

மாடியில் ஒரு சொட்டுகூட விழவில்லை. அரசன் அண்ணாந்து பார்த்தான், பெருமூச்சு விட்டான், உரக்கச் சொன்னான். சட்டம் ஒழிந்தது. சாவிகள் இடுப்புக்கு ஏறின, தண்ணீர் மாடிக்கு ஏறியது. வேலை போனது ராயருக்கு மட்டும்தான். அஞ்சுகம் நீட்டிய துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் சந்தைப் பக்கம் நடந்தார்.

சொக்கேந்திரனின் நீதியைப் புலவர்கள் நூறு பாட்டாகப் பாடினார்கள். அன்று அருவி நின்றுபோனதை மட்டும் ஒரு பாட்டிலும் காணோம். அதனால்தான் நான் சொல்லவேண்டியதாயிற்று.