டாக்டரம்மா பார்க்காத குஞ்சுகள்

நாணல் மண்டிய ஒரு குளத்தில் நாமக்கோழிகள் வாழ்ந்து வந்தன. நெற்றியில் இருக்கும் வெள்ளை நாமத்தின் மேல் அவற்றுக்குப் பெருமை என்றால் அப்படியொரு பெருமை! அடுத்த குளத்து நாமக்கோழிகளுக்குப் பெண் கொடுக்கவும் மாட்டா, எடுக்கவும் மாட்டா. மாமன் மகனுக்கு அத்தை மகள், அத்தை மகனுக்கு மாமன் மகள். பாட்டன் காலத்திலிருந்து இதே கதைதான்.

ஆனால் மூன்று மழைக்காலமாகப் பிறந்த குஞ்சுகளில் பாதிக்குக் கால்விரல் சுருண்டே இருந்தது. அவற்றுக்கு நீந்த வராது. சில வாரங்களில் செத்துப் போகும். செங்கண்ணி என்ற தாய்க்கோழிக்கு நல்ல காலோடு மிஞ்சியது அல்லி என்ற ஒரே மகள்தான். இந்த முறை பொரித்த மூன்று குஞ்சுகளும் விரல் சுருண்டு கூட்டிலேயே கிடந்தன.

செங்கண்ணி தன் அண்ணன் நெடுநாமனிடம் போனாள். குளத்துக்குத் தலைவன் அவன்தான்.

"அண்ணே, அல்லியையாவது அடுத்த குளத்துல கட்டிக் கொடுத்துடலாம். அவ வயித்துப் பிள்ளைங்களாவது நீந்தட்டும்!"

"முறைமாப்பிள்ளையா என் மகன் இருக்கான், நீ வெளியில தேடுறியா? சரி, வெளிநாட்டிலிருந்து டாக்டரம்மா வராங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான் முடிவு!"

டாக்டரம்மா என்றது வரிச்சி என்ற வாத்தை. பனிமலைக்கு அப்பால் ஓர் ஏரியில் இருப்பவள். எந்தக் குணம் எந்தப் பாட்டனிடமிருந்து வந்தது என்று ஆராய்வதில் கெட்டிக்காரி. அவள் பத்து நாள் இங்கே வந்து ஆராய வேண்டும். பதிலுக்கு இங்கிருந்து ஒருவர் அவளுடைய ஏரிக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு. போகப்போவது யார்? நெடுநாமனின் மகன்தான்! வேறு யாரைப் போக விடுவான்?

வரிச்சி வந்து இறங்கினாள். இறகைக்கூட உலர்த்தவில்லை. "குஞ்சுகள் எங்கே?" என்றாள்.

"முதல்ல வரவேற்பு!" என்றான் நெடுநாமன்.

தாமரை இலையைப் பொன்னாடையாகப் போர்த்தினார்கள். தவளைகள் வாழ்த்துப் பாடின. நெடுநாமன் பேசினான். அவன் மைத்துனன் பேசினான். மைத்துனனின் மைத்துனனும் பேசினான். முதல் நாள் அப்படியே போயிற்று. மறுநாள் விருந்து. அதற்கு மறுநாள் குளத்தைச் சுற்றிக் காட்டினார்கள். நான்காம் நாள் மறுபடியும் ஒரு பொன்னாடை!

"நான் பாசி தின்னவா மலை தாண்டி வந்தேன்?" என்று வரிச்சி கத்தினாள்.

"இருங்க டாக்டரம்மா, என்ன அவசரம்!"

செங்கண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் நீந்தினாள். "அம்மா, என் பிள்ளைங்களுக்கு..."

"என் தங்கச்சி! நல்லாப் பாடுவா!" என்று நெடுநாமன் பாய்ந்து வந்தான். "பாடும்மா, பாடு!"

எல்லாரும் சிறகைத் தட்டினார்கள். செங்கண்ணி பாடித் தொலைத்தாள். பிறகு அண்ணன் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சீறினான். "விருந்தாளி முன்னால குறையையா காட்டுவாங்க? குளத்து மானம் என்னாகிறது? என் மகனை அங்கே மதிப்பாங்களா?"

அன்றே நொண்டிக் குஞ்சுகளையெல்லாம் நாணல் புதருக்குள் ஒளித்தார்கள். வாசலில் இரண்டு காவல். செங்கண்ணியும் உள்ளேதான். அடுத்த குளத்துக்கு ஆள் அனுப்பிக் கொழுகொழுவென்று பன்னிரண்டு குஞ்சுகளை இரவல் வாங்கி வந்தார்கள். பெண் எடுக்கத்தான் அந்தக் குளம் ஆகாது. குஞ்சு இரவல் வாங்க ஆகும்!

மேலும் விருந்தும் பேச்சுமாக நாள் ஓடி, ஒன்பதாம் நாள்தான் வரிச்சி ஒவ்வொரு குஞ்சாகப் பார்த்தாள். விரலை விரித்தாள். இறகைப் பிடுங்கி அடியில் இருந்த ரத்தத்தைச் சோதித்தாள்.

"பெற்றவர்கள் யார்?"

"எங்க ஆளுங்கதான். எல்லாம் அத்தை மகன், மாமன் மகள்!"

"நோஞ்சான் குஞ்சு ஒன்றுகூட இல்லையா?"

"எங்க குளத்துல அந்தப் பேச்சுக்கே இடமில்லை!"

வரிச்சிக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒன்பது நாள் வீண்! "இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது கட்டுகிறபடியே கட்டிக்கொள்ளுங்கள்!" என்று சொல்லிவிட்டு, மறுநாள் கிளம்புவதற்காக அக்கரைக்குப் போய்விட்டாள்.

நெடுநாமனுக்கு இது போதாதா? விடிந்ததும் அல்லிக்கும் தன் மகனுக்கும் கல்யாணம் என்று அறிவித்தான்.

விடிந்தது. கல்யாணச் சாப்பாட்டு வாசனை வந்ததும் காவல்காரர்கள் காவலை மறந்து ஓடினார்கள். செங்கண்ணி ஒரு குஞ்சை முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு அக்கரைக்கு நீந்தினாள்.

வரிச்சி சிறகை விரித்துவிட்டிருந்தாள். "அம்மா, நில்லுங்க! இதைப் பாருங்க!"

வரிச்சி ஒரே பார்வைதான் பார்த்தாள். சுருண்ட விரலைத் தொட்டாள். "இது யார் பிள்ளை?"

"என் பிள்ளை. இதுமாதிரி நாணலுக்குள்ள இன்னும் பதினேழு இருக்கு. நீங்க பார்த்ததெல்லாம் அடுத்த குளத்துப் பிள்ளைங்க."

"அட பாவிகளா! இதைக் காட்டாமல் எனக்குப் பொன்னாடையா போர்த்தினீர்கள்? முதல் நாளே காட்டியிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேனே! ஒரே ரத்தத்துக்குள் கட்டிக்கட்டி வந்த வினை இது. உடனே வெளியில் சம்பந்தம் செய்யுங்கள்!"

"ஐயோ, இப்பவே அங்க கல்யாணம் நடக்குதம்மா!"

இருவரும் தண்ணீர் தெறிக்கப் பறந்தார்கள். அந்தக் குலத்தில் மணமகன் முதல் நாணலைக் கூட்டில் வைப்பான். மணமகள் அதை மிதித்து அமர்த்துவாள். அத்தோடு சரி, சாகும்வரை பிரிய மாட்டார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அல்லி நாணலை மிதித்துவிட்டாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க டாக்டரம்மா! வாழ்த்துங்க!" என்று நெடுநாமன் சிரித்தான்.

"எதை வாழ்த்தச் சொல்கிறாய்?" என்றாள் வரிச்சி. பார்க்காத குஞ்சுகளுக்குச் சான்று சொன்ன வெட்கம் அவளைத் தின்றது. செங்கண்ணியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, படிக்க வரவேண்டிய நெடுநாமனின் மகனை அழைத்துக்கொள்ளாமலே பறந்து போனாள்.

மழைக்காலத்தில் அல்லி ஐந்து குஞ்சு பொரித்தாள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க நெடுநாமன் ஆசையாக வந்தான். ஒன்றை மெல்லத் தண்ணீரில் இறக்கினான். அது நீந்தவில்லை. அடுத்ததையும் இறக்கினான். ஐந்துக்கும் விரல் சுருண்டிருந்தது.

"இதுங்களை எந்த நாணல்ல ஒளிக்கப் போற, அண்ணே?" என்று கேட்டாள் செங்கண்ணி.

மானம் போகுமென்று குறையை மூடி மறைப்பவன், அந்தக் குறையையே தன் பேரப்பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப் போகிறான்.