பீரங்கிக்குள் இட்ட முட்டைகள்

மீனும் கப்பலும் ஒன்றோடொன்று பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், மன்னார் வளைகுடாவுக்கு ஓர் ஆங்கிலேயப் போர்க்கப்பல் வந்தது. லின்னெட் என்று பெயர். அந்தக் கடற்படையிலேயே கடைக்குட்டி. கடிதம் சுமக்கும், கள்ளக்கடத்தல் படகுகளைத் துரத்தும். பெரிய சண்டைக்கு யாரும் அதைக் கூப்பிட்டதில்லை. ஒரு புயலில் அது மணல்திட்டில் ஏறிச் சிக்கிக்கொண்டது. பாரம் குறைந்தால்தான் மிதக்கும் என்று மாலுமிகள் பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள். கப்பல் பிழைத்துப் போனது.

அப்படி விழுந்த பீரங்கி ஒன்றின் குழாய்க்குள் ஒரு கெளுத்தி முட்டையிட்டாள். ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. போன முறை மணலில் இட்டதையெல்லாம் நண்டுகள் தின்றுவிட்டன. அதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. புருஷனோ வாயை மூடாத ஆள். ஒன்று தின்பான், இல்லாவிட்டால் பேசுவான்.

"இரும்பு வீடும்மா. யார் என்ன செய்ய முடியும்? நீ கண்ணை மூடு" என்றான், இறால் ஒன்றை மென்றுகொண்டே.

அவன் சொல்லி முடிக்கவில்லை, தலைக்கு மேல் நிழல் விழுந்தது. லின்னெட் திரும்பி வந்திருந்தது.

"கோபிச்சுக்காதே அம்மா" என்றது கப்பல். "பீரங்கி இல்லாமல் போனால் எங்கள் தலைவரை விசாரணையில் நிறுத்திவிடுவார்கள். கயிறு கட்ட ஆள் இறங்கியாச்சு. பிள்ளைகளை அள்ளிக்கோ."

"எதில் அள்ள? எனக்குக் கையா இருக்கு?"

கயிறு இறுகியது. பீரங்கி மெல்லச் சாய்ந்தது. முட்டைகள் குழாய் வாய்க்கு உருண்டு வந்தன. கீழே நண்டுகள் கூடிவிட்டன.

"ஏங்க, வாயைத் திறங்க."

"திறந்துதானே இருக்கு?"

அவ்வளவுதான் அவன் பேசியது. உருண்டு வந்த முட்டைகளை அவள் மூக்கால் தள்ளித் தள்ளி அவன் வாய்க்குள் அடைத்தாள். "விழுங்கிடாதீங்க. பேசவும் கூடாது."

பீரங்கி மேலே போய்விட்டது. மணலில் ஒரு முட்டைகூட இல்லை. நண்டுகள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தன.

லின்னெட் பிறகும் வெகுகாலம் கடிதம் சுமந்தது. கடைசியில் பலகை இற்று, விறகாக விலைபோனது. அந்தப் பீரங்கிகள் ஒரு சண்டையிலும் வெடிக்கவில்லை.

ஆண் கெளுத்தியோ எதிரே இறால் நீந்தினாலும் வாயை இறுக்கிக்கொண்டு கிடந்தான். உடம்பு நூலாக இளைத்தது. ஒருநாள் உள்ளே ஏதோ குறுகுறுத்தது. திறந்தான். குஞ்சுகள் வரிசையாக வெளியே நீந்தின.

"பசிக்குது" என்றான்.

அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

குஞ்சு பொரியும்வரை ஆண் கெளுத்தி முட்டைகளை வாயில் வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பது அன்று முதல்தான்.