கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்

கொன்றைநாட்டை ஆண்ட ராஜா ரணகேசரிக்குப் பெயரில்தான் ரணம். எதிரி என்று யாரும் இல்லை, சண்டைக்குப் போனதும் இல்லை. வேலை இல்லாத ராஜாவைப் போல ஆபத்தானவர் வேறு யார்? சபையைக் கூட்டினால் கலைக்கவே மாட்டார். பட்டத்து யானையைக் குளிப்பாட்டும்போது முதலில் தேய்க்க வேண்டியது முதுகா, வயிறா என்று இரண்டு நாள் ஆலோசனை நடந்தது. மூன்றாம் நாள் யானை தானே ஆற்றில் இறங்கிக் குளித்துவிட்டு வந்துவிட்டது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். ராஜா தம் கையால் வெற்றிலை கொடுத்தால்தான் சபை முடிந்ததாக அர்த்தம். அவருடைய அப்பா காலத்தில் உச்சிவேளைக்கு வெற்றிலை வந்துவிடும். எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து சாயங்காலம் வருவார்கள். ரணகேசரி காலத்திலோ வெற்றிலை தட்டிலேயே வாடிக் கிடந்தது.

வகையாக மாட்டிக்கொண்டவன் கூத்தபிரான். ராஜா சொல்வதை ஓலையில் எழுதுவது அவன் வேலை. ராஜாவோ வாயை மூடுவதே இல்லை. விடியும் முன் கிளம்பினால் ஊர் அடங்கிய பிறகுதான் வீடு திரும்புவான்.

ஒரு நாள் அவன் கிளம்பும் சத்தத்தில் நாலு வயது மகள் மங்கை விழித்துக்கொண்டாள். கண்ணைக் கசக்கியபடி, "அம்மா, அந்த மாமா போறாங்க" என்றாள்.

மனைவி உமையாள் இடுப்பில் கை வைத்தாள். "கேட்டுச்சா? நாளைக்கு இவ பிறந்த நட்சத்திரம். மத்தியானம் வந்து பக்கத்துல உக்காந்து பாயசம் ஊட்டுங்க. வரலைன்னா இவளைக் கூட்டிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அங்கேயாவது நிஜ மாமா இருக்காரு."

உமையாள் சொன்னால் செய்கிறவள். அதைவிட, குழந்தை சொன்னது கூத்தபிரான் நெஞ்சில் தைத்துவிட்டது.

அன்றைக்கென்று பார்த்து, சபையில் தளபதி குறட்டை விட்டார். ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எழுது, கூத்தபிரான்! அரண்மனைச் சோறு தின்கிற எவரும் பகலில் சபையிலோ, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டோ தூங்கக்கூடாது. மீறினால் சோறு நிறுத்தப்படும்!"

எழுதினான். எழுத்தாணியைக் கீழே வைக்கவில்லை.

"மகாராஜா, ஒருவர் தினமும் இதைத்தான் செய்கிறார். அவருக்கு இப்போதே ஓலை அனுப்பிவிடட்டுமா?"

"யார் அது?"

"பெரிய இடம். வேளாவேளைக்கு அரண்மனை அரிசிதான், அதுவும் நெய் ஊற்றி. உச்சிவேளை ஆனால் கதவைச் சாத்திவிடுவார். சாயங்காலம் வரை யார் தட்டினாலும் திறப்பதில்லை. காலையில் எழுப்புவதற்கே மேளமும் நாதஸ்வரமும் வேண்டும்."

"என் சோற்றைத் தின்றுவிட்டா? யார் அந்தத் தடியன்?"

"தங்கள் குலதெய்வம் கொன்றையீசர்."

ராஜா பதறி எழுந்து கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொண்டார். "அபசாரம்! அபசாரம்! ஈசருக்கு இந்த ஆணை கிடையாதையா!"

"அப்படியானால் 'ஈசர் நீங்கலாக' என்று சேர்க்கிறேன். காரணம் எழுத வேண்டுமே. வேலை இல்லாததால் தூங்குகிறார் என்று எழுதவா?"

"உன் நாக்கு அழுகிவிடும்! மூன்று உலகத்தையும் ஆள்கிறவர்!"

"அப்போ, வேலை அதிகம். அதனால் தூங்குகிறார்."

"ஆமாம். அப்படித்தான் எழுது."

கூத்தபிரான் நிதானமாக எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தான்.

"இதைத் தண்டோரா போட்டதும் ஊர் ஒன்று கேட்கும் மகாராஜா. மூன்று உலகத்தை ஆள்கிறவருக்கே மத்தியானம் படுக்க நேரம் கிடைக்கிறது. இந்த ஒரு சின்ன நாட்டை ஆள்கிறவருக்குக் கிடைக்கவில்லையே, பாவம், இவருக்கு வேலை தெரியவில்லையோ என்று. அதற்கு என்ன பதில் எழுதட்டும்?"

தளபதிகூட விழித்துக்கொண்டார். ராஜா அவனை முறைத்தார், ஓலையை முறைத்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"போக்கிரி! அந்த ஓலையைக் கிழி. வெற்றிலைத் தட்டைக் கொண்டு வாருங்கள். இனி ஈசர் நடை சாத்தும்போது நம் சபையும் சாத்தப்படும்!"

முதல் வெற்றிலை கூத்தபிரானுக்கு. கூடவே ஒரு முத்துமாலையும் கிடைத்தது.

மறுநாள் மத்தியானம் மங்கை அவன் மடியில் உட்கார்ந்து, "இன்னொரு வாய், அப்பா" என்று வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. வெளியே அரண்மனைக் காவலன்.

"மகாராஜா உடனே வரச் சொன்னார். குளித்த யானைக்குத் தலை துவட்டுவது பற்றி அவசர ஆலோசனையாம்."

கூத்தபிரான் எழுந்திருக்கப் போனான். உமையாள் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். கதவைத் திறக்காமலே குரல் கொடுத்தாள்.

"நடை சாத்தியாச்சு. மகாராஜாவைச் சாயங்காலம் வரச் சொல்லு!"