பதினாறு கூப்பிடு தூரம்

பாலத்தை வெள்ளம் கொண்டுபோன மறுநாள், மாப்பிள்ளை தவசி தாலியை மடியில் முடிந்துகொண்டு ஆற்றங்கரைக்கு வந்தான். உறவெல்லாம் பாலம் போகும் முன்பே அக்கரையிலுள்ள பெண் ஊரான ஆலங்குறிச்சிக்குப் போயிருந்தது. உச்சிப்பொழுதுக்குள் இவன் போகாவிட்டால் மணப்பெண் மாயக்காளை அவள் முறைமாமனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள்.

பாலத்தடியில் வழிகாட்டி ஒச்சப்பன். ஒரு கூப்பிடு தூரம் பின்னால், கள்ளிமேட்டில், இன்னொரு வழிகாட்டி விருமாண்டி. வேலைக்கு வைத்த ஊர்த்தலைவர் அம்பலக்காரர் இருவரிடமும் சொல்லியிருந்தார்: "பக்கத்து ஆள் சொல்லும் தூரத்தோடு ஒன்றைக் கூட்டு. அதுதான் உன் தூரம். சொந்த மூளையைத் தொடாதே." மூளை விஷயத்தில் அவர் கவலைப்பட்டிருக்க வேண்டாம்.

"பாலம் போச்சு மாப்பிள்ளே," என்றான் ஒச்சப்பன். "ஆனா விருமாண்டிகிட்ட வழி இருக்கு. ஆலங்குறிச்சி ரெண்டே கூப்பிடுன்னு நேத்துகூடச் சொன்னான். அப்ப எனக்கு மூணு. அங்க போங்க."

"அவன் சொன்னது இந்தப் பாலத்து வழியத்தானய்யா?"

"எந்த வழின்னு அவன் சொல்லல. நான் கேக்கவும் இல்ல. அடுத்தவன் வழியக் கேக்குறது மரியாதையா?"

தண்ணீர் எவ்வளவு என்று ஒருவரும் காலை விட்டுப் பார்க்கவில்லை. தவசியும் அந்த மண்ணில் முளைத்தவன்தானே! கள்ளிமேட்டுக்கு நடந்தான்.

விருமாண்டி விரலை மடக்கினான். "ஒச்சப்பனுக்கு மூணா? அப்ப எனக்கு நாலு. அவன்கிட்டப் போங்க."

போனால் ஐந்து. திரும்பினால் ஆறு. செருப்பு வார் அறுந்தபோது ஒன்பது.

"பாவம், ஊரு தள்ளிக்கிட்டே போகுது," என்று ஒச்சப்பன் அனுதாபப்பட்டான்.

பதினைந்தில் தவசி பாலத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான். கூப்பிட்ட குரலுக்கு விருமாண்டியே வந்தான்.

"அப்ப எனக்குப் பதினாறு," என்றவன் தலைத்துண்டை அவிழ்த்தான். "பதினாறு வந்துட்டா அந்த ஊரே இல்லன்னு அர்த்தம். அம்பலக்காரர் சொன்னதுதான்."

"நல்ல ஊருடா," ஒச்சப்பன் விம்மினான். "மொச்சைக் குழம்பு அருமையா வைப்பாங்க."

அப்போது அக்கரையில் மணக்கோலத்தில் மாயக்காள் வந்து நின்று கத்தினாள்: "மச்சான், வெள்ளம் வடிஞ்சிருச்சு, முழங்கால் தண்ணிதான்! எறங்கி வாய்யா! மாமன் மாலையத் தூக்கிட்டான்!"

"திரும்பிப் பாக்காதீங்க," என்றான் விருமாண்டி. "இல்லாத ஊருப் பொண்ணு."

தவசி வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினான். இருபதே எட்டு வைத்ததில் அக்கரை. சற்று நேரத்தில் கெட்டிமேளம் கேட்டது.

இக்கரையில் இருவரும் ஊருக்காகத் தலைமுழுக இறங்கினார்கள். முழங்கால் தண்ணீரில் தலை நனையவில்லை, படுத்து முழுகினார்கள். ஈரம் சொட்ட அம்பலக்காரர் வீட்டுக்குப் போய், தவசியும் போய்விட்டான் என்று துக்கம் சொன்னார்கள்.

"அய்யோ! எப்படிடா செத்தான்?"

"தெரியலைங்க. மாலையும் கழுத்துமா அக்கரையில நின்னு கையசைச்சான். நாங்க ஏமாறல."