ஆளுக்கொரு குடம் கடல்

வெங்கச்சான்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். அது பொறாமையில் சொல்வது. அவர்களைப் போல் சொல்பேச்சுக் கேட்கிற சனம் எந்தச் சீமையிலும் கிடையாது. ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டால் போதும், சொன்னவரே திரும்பி வந்து கும்பிட்டு, "சாமி, நிறுத்துங்க" என்கிற வரைக்கும் செய்துகொண்டே இருப்பார்கள்.

அந்த ஊருக்கு ஒருநாள் ஏதோ சேவை அமைப்பிலிருந்து கண்ணாடி போட்ட பெண் ஒன்று வந்தது. பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் காட்டியது. பூமி சூடாகிறதாம், பனிமலை உருகுகிறதாம், கடல் மேலே ஏறுகிறதாம்.

"யாராவது பாத்துக்குவாங்கன்னு இருந்துடாதீங்க. நான் ஒருத்தன் செஞ்சு என்ன ஆகப்போகுதுன்னும் நினைக்காதீங்க" என்றது அந்தப் பெண். "ஆளுக்குக் கொஞ்சம் செஞ்சா போதும். ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடக் கூடாது. வண்டியில தனியாப் போகக் கூடாது, கூட ஒருத்தரை ஏத்திக்கணும். சிறுதுளி பெருவெள்ளம்!"

கைதட்டல் முடிந்ததும் அது தன் காரில் ஏறித் தனியாகக் கிளம்பியது. ஊரே ஓடிப்போய்க் காரை மறித்துத் தலைவர் பூவலிங்கத்தைப் பின்சீட்டில் ஏற்றி அனுப்பியது. அவர் மறுநாள் காலை மதுரையிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்.

ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடக் கூடாது என்பதால், ஃபேன் ஓடுகிற அறைக்கெல்லாம் ஆள் போட்டார்கள். ஒருவர் எழுந்து கைகழுவப் போனால், அடுத்தவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் போகலாம். அந்த வாரம் நிலக்கடலை பறிக்க ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை. வேலை செய்யக்கூடிய அத்தனை பேரும் ஃபேனுக்கு அடியில் கடமையாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒச்சப்பன் உரம் வாங்க மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போனார். தனியாகப் போகக் கூடாதே என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். அந்த மனுஷர் போகிற வழியில் மாமியார் வீட்டில் இறங்கிவிட்டார். ஒச்சப்பனுக்குத் திரும்பி வரத் துணை இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று நின்று பார்த்து, கடைசியில் தொண்டிக்குப் போக நின்றிருந்த ஒரு பாத்திர வியாபாரியை வற்புறுத்தி ஏற்றி வந்தார். அந்த வியாபாரியைத் தொண்டியில் விட யார் போவது, போனவருக்குத் துணை யார், துணை போனவர் அங்கே தங்கிவிட்டால் என்ன செய்வது என்று ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

இதிலெல்லாம் ஒச்சப்பனின் மச்சான் அடைக்கலத்துக்கு மனம் போகவில்லை. அவர் நெஞ்சில் தைத்தது ஒரே ஒரு படம்தான். வேட்டியில் தெரிந்த அந்தக் கடலோரத்து வீடுகள், அவற்றின் மேல் ஏறிக்கொண்டே போன நீலக்கோடு. தாயில்லாமல் அவர் வளர்த்த ஒரே மகள் பாண்டிமீனாவைக் கடலோரத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை நம்புராசு படகுத்துறையில் டீக்கடை போட்டிருந்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு.

போனைப் போட்டார்.

"தாயி, கடல் இப்ப எங்க இருக்கு?"

"எங்க போகும்? இந்தா, நம்ம வாசல்லதான் கெடக்கு."

அடைக்கலம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வாசலுக்கே வந்துருச்சா? நீ ஒரு சேலையை மட்டும் எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

"நான் எதுக்குப்பா வரணும்? ஏவாரம் இப்பத்தான் நல்லாப் போகுது. கடலுக்குப் பயந்து வந்தேன்னா ஊரு சிரிக்கும். வைங்க, பால் பொங்குது."

பொங்குவது பால்தானா என்று அவருக்கு நிச்சயமில்லை. அன்று சோறு இறங்கவில்லை. நேரே தலைவரிடம் போனார். ஊர் கூடியது.

"பெருவெள்ளங்கிறது சிறுதுளிதான்னு அந்தப் புள்ளையே சொல்லிருச்சு" என்றார் பூவலிங்கம். "துளித்துளியாச் சேந்தது, துளித்துளியாத்தான் குறையணும். ஆளுக்குக் கொஞ்சம் செய்யணும்னும் சொல்லிருச்சு. ஆக, ஆளுக்கு ஒரு குடம்."

"என்ன குடம்?" என்றார் ஒச்சப்பன். அவர் அடைக்கலத்தின் தங்கச்சி சீனியம்மாவைக் கட்டியவர். எதையும் சந்தேகப்படுவார் என்பதால் ஊரில் அறிவாளி என்று பெயர்.

"கடல் தண்ணி. கடல் ஏறுதுன்னா எடுத்துர வேண்டியதுதானே? அண்டாவுல தண்ணி கூடிப்போச்சுன்னா என்ன செய்வீரு?"

"அண்டாவும் கடலும் ஒண்ணா? நான் ஒருத்தன் ஒரு குடம் மொண்டா கடல் குறைஞ்சிருமாக்கும்?"

சீனியம்மா கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்தாள். "மீனா கல்யாணத்துல நீங்க ஒருத்தர்தானே மூணாம் பந்தியிலயும் உக்காந்தீக? சாம்பார் குறையலையா?"

கூட்டம் யோசித்தது.

"குறைஞ்சுது" என்றார் பூவலிங்கம் வருத்தத்தோடு. "எனக்கு ரசம்தான் கெடைச்சுது."

ஒச்சப்பன் விடவில்லை. "சரி, நாம எடுக்குறோம். பக்கத்து ஊர்க்காரன் எடுக்கலேன்னா?"

"எடுக்காட்டி நல்லதுதானே மச்சான்" என்றார் அடைக்கலம். "கூட்டம் இருக்காது. நிதானமா மொள்ளலாம்."

அறிவாளியும் கை தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் விடியற்காலையில் ஒரு லாரியில் ஊரே குடமும் கையுமாக ஏறியது. ஃபேன்களைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஆள் விட்டுவிட்டுப் போனார்கள்.

கரையில் போய் இறங்கியபோது கடல் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. அலை வந்து மாப்பிள்ளை கடை பெஞ்சின் காலை நக்கிவிட்டுப் போயிற்று. அடைக்கலம் அலைக்கும் வாசலுக்கும் நடுவே ஜாண் போட்டுப் பார்த்தார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

வரிசையாகக் குடம் இறங்குவதைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். "மீனாவுக்குப் பொறந்த வீட்டுச் சீர் வருதுடி!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி ஒரு குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "வெறுங்கொடம்டி" என்றாள். பாண்டிமீனாவுக்கு முகம் போன இடம் தெரியவில்லை.

"என்னப்பா இது கூத்து?"

"நீ கடைக்குள்ள போயி மேடான எடத்துல நில்லு தாயி. அப்பா இருக்கேன்."

முதல் குடத்தைத் தலைவர் மொண்டு மணலில் ஊற்றினார். அது சரசரவென்று ஓடிக் கடலிலேயே சேர்ந்துகொண்டது.

"கட்டிக்கொடுத்த புள்ள பொறந்த வீட்டுக்கு ஓடுறாப்புல ஓடுது பாருங்க" என்றாள் சீனியம்மா.

"உன் மருமகளைத் தவிர" என்றார் அடைக்கலம் பெருமூச்சோடு.

அப்புறம் லாரியில் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றினார்கள். ஆளுக்கு ஒரு குடம், அதற்கு மேல் யாரும் ஆசைப்படக் கூடாது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேலை முடிந்து மாப்பிள்ளை கடையில் வரிசையாக உட்கார்ந்து புரோட்டா சாப்பிட்டார்கள். உழைத்த களைப்பில் அங்கேயே கொஞ்சம் கண்ணசந்தார்கள்.

முதலில் விழித்து வெளியே வந்தவர் அடைக்கலம்தான். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கடலைக் காணோம்.

கடல் இருந்த இடத்தில் சேறு மினுங்கிக்கொண்டிருந்தது. படகுகள் ஒருக்களித்துப் படுத்திருந்தன. நண்டுகள் திகைத்துப் போய் ஓடின. வெகுதூரத்தில், ஒரு வெள்ளிக்கம்பி போல, மிச்சக் கடல் கொஞ்சம் தெரிந்தது.

ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்றார்கள்.

"ஒரு கொடம்னு சொன்னா ஒரு கொடம்தான்டா எடுக்கணும்" என்றார் பூவலிங்கம். "எவன்டா கூட எடுத்தது?"

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். ஒச்சப்பன் மட்டும் தன் துணிப்பையைப் பார்த்தார். சீனியம்மா பையைப் பிடுங்கித் திறந்தாள். உள்ளே துணி கட்டிய ஒரு சொம்பு. பாதிக்குக் கடல்தண்ணீர்.

"பல்வலிக்குக் கொப்புளிக்கலாம்னு..." என்றார் ஒச்சப்பன்.

"நான் ஒருத்தன் எடுத்தா குறைஞ்சிருமான்னு கேட்டீகளே! இப்பப் பாருங்க, குறைஞ்சிருச்சா இல்லையா?" என்றாள் சீனியம்மா.

ஒச்சப்பன் காலி கடலைப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவருக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை.

அடைக்கலத்துக்கோ வேறு கவலை பிடித்துக்கொண்டது. கடல் இல்லையென்றால் படகு ஏது? படகு இல்லையென்றால் டீ குடிக்க யார் வருவார்கள்? மகளைத் தண்ணீரிலிருந்து காப்பாற்ற வந்து, அவள் பிழைப்பையே வற்றடித்துவிட்டோமே!

சத்தம் கேட்டுப் பாண்டிமீனா வெளியே வந்தாள். "அட, இதுக்கா இப்படி நிக்கிறீக? அது தானா வத்தும், சாயங்காலம் தானா ஏறும்பா. இங்க தினமும் இப்படித்தான்."

"உலகத்துல எது தாயி தானா நடக்குது? உன் கல்யாணம் தானாவா நடந்துச்சு? எத்தனை பேர் கால்ல விழுந்தேன் தெரியுமா!"

திருப்பி ஊற்றிவிடுவது என்று முடிவாயிற்று. எடுத்த இடத்திலேயே ஊற்றுவதுதான் முறை என்றார் தலைவர். ஊற்றினார்கள், மணல் குடித்துவிட்டது. அப்புறம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்தார்கள். தலைவரின் ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. மற்றதை அவர் துணைக்கு விட்டுவிட்டு வந்தார். வெள்ளிக்கம்பி வரைக்கும் போய், தொட்டி காலியாகிற வரை ஊற்றினார்கள்.

கடைசியில் ஒச்சப்பனின் சொம்பு வந்தது.

"இதுல பாதிதானே இருக்கு?" என்றார் தலைவர்.

"மிச்சத்தைக் கொப்புளிச்சுட்டேன்."

"அப்ப அரைச் சொம்பு கடல் குறையுதே! எங்க போறது?"

சீனியம்மா புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். "அழுங்க" என்றாள். "அதுவும் உப்புத்தண்ணிதானே."

ஒச்சப்பன் முதலில் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு செத்துப்போன காளைமாட்டை நினைத்து ஆரம்பித்து, மாமனார் தராமல் விட்ட மோதிரத்தில் வந்து நன்றாகவே அழுதார். சொம்பு நிரம்பவில்லை, ஆனால் "கடல் கோவிச்சுக்காது" என்று தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கரைக்கு வந்து உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தார்கள். வெள்ளிக்கம்பி தடித்தது, நெளிந்தது, ஊர்ந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு, படுத்திருந்த படகுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. அலை வந்து பெஞ்சுக் காலைத் தொட்டது.

ஊர் குலவையிட்டது. "இனிமே எவனாவது ஒருத்தன் செஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு கேக்கட்டும்" என்றபடி ஒச்சப்பன் முதல் ஆளாக லாரியில் ஏறினார்.

அடைக்கலம் மட்டும் ஏறவில்லை. எடுக்காமல் விட்டால் கடல் வாசலுக்கு வரும். அதிகம் எடுத்தால் மாப்பிள்ளைக்குப் பிழைப்பு போகும். அளவறிந்து எடுக்க ஒரு ஆள் இங்கே இருந்தாக வேண்டும். அந்த ஆள் பெற்ற தகப்பனாக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்?

அன்றிலிருந்து தினமும் கடல் நிறைந்திருக்கிறபோது ஒரு குடம் மொண்டு வந்து, தட்டுப் போட்டு மூடி, கடை ஓரமாக வைப்பார். கடல் வற்றியதும் பக்குவமாகக் கொண்டுபோய்த் திருப்பி ஊற்றுவார். இடையில் யாராவது குடத்தின் பக்கம் கை கழுவ வந்தால் கம்பை எடுப்பார்.

"பெரியவரே, இன்னைக்குத் தண்ணி எப்ப விடுவீக? படகை எடுக்கணும்" என்று படகுக்காரர்கள் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்பார்கள்.

"பொறுங்கப்பா. கொஞ்சம் சேறு காயட்டும்."

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தால் டீ வியாபாரம் இரண்டு மடங்கானது. நம்புராசு மாமனாரிடம் எதையும் விளக்கப் போகவில்லை. பாண்டிமீனாதான் வெட்கத்தில் கடைக்கு முன்பக்கமே வருவதில்லை. அப்பாவைத் திட்டவும் வாய் வரவில்லை, ஊருக்கு அனுப்பவும் மனம் வரவில்லை.

அடைமழைக் காலம் வந்தது. ஈரத்தில் நின்று நின்று அடைக்கலம் காய்ச்சலில் விழுந்தார். "குடம்... குடம்..." என்று பிதற்றியவரை எழுந்திருக்கவே விடாமல் மகள் கம்பளியால் போர்த்தினாள். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். அன்று குடம் காலியாக மூலையில் கிடந்தது. கடல் தன் பாட்டுக்கு வற்றியது, சாயங்காலம் தன் பாட்டுக்கு ஏறியது.

"பாத்தீகளா?" என்றாள் பாண்டிமீனா, கஞ்சியை ஆற்றிக்கொண்டே. அவளுக்கு வெற்றிச் சிரிப்பு அடங்கவில்லை. "நீங்க தொடவே இல்ல. வத்துச்சா? ஏறுச்சா? இனிமேலாச்சும் நிம்மதியா இருங்கப்பா."

அடைக்கலம் ஜன்னல் வழியே கடலையே பார்த்தார். கஞ்சி ஆறி ஏடு கட்டியது. அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"தாயி, இந்தக் கடலுக்கு அக்கரை இருக்கா?"

"இருக்கு. இலங்கை."

"அதானே பாத்தேன். அங்கயும் ஒருத்தரு பொண்ணைக் கடலோரத்துல கட்டிக்கொடுத்திருக்காரு. நமக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சு, நம்ம குடத்தையும் அவரே எடுத்திருக்காரு. முகம் தெரியாத மனுஷன்!"

பாண்டிமீனா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

காய்ச்சல் விட்டதும் அடைக்கலம் செய்த முதல் வேலை, கரைக்குப் போய்க் கையைக் குவித்துக் கத்தியதுதான்: "ஐயா! ஒருநாள் விட்டு ஒருநாள் வச்சுக்குவோம்! நாளைக்கு என் முறை!" மறுப்பு ஏதும் வராததால் ஏற்பாடு அப்படியே அமலுக்கு வந்தது. தன் முறை இல்லாத நாட்களில் அவர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடி அக்கரைக்காரரின் வேலையை மேற்பார்வை பார்ப்பார். நேரம் தவறாத மனுஷன் என்று மாப்பிள்ளையிடம் மெச்சிக்கொள்வார்.

பௌர்ணமி வந்தது. அன்று அக்கரைக்காரர் முறை. கடல் வழக்கமாக வற்றுகிற இடத்தைத் தாண்டி, இன்னும் வெகுதூரம் உள்ளே போய்விட்டது. தன் முறையில் அவ்வளவு தூரம் சேற்றை அடைக்கலம் பார்த்ததே இல்லை.

"என்ன பெரியவரே, உங்க கூட்டாளி இன்னைக்கு ரொம்ப எடுத்துட்டாரு போல?" என்றான் ஒரு படகுக்காரன்.

அடைக்கலம் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்படிச் சொல்லாதப்பா" என்றார். "பாவம், அவருக்கு ரெண்டு பொண்ணு போல."