பதில் போடாத ஐந்து கடிதங்கள்

மெய்யம்மை அம்மாவின் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது கோதண்டத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். துறவுக்கு முன்னால் ஆங்கில ஆசிரியை. கோதண்டத்துக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் முன்னால் போன லாரிகளின் முதுகில் படித்ததுதான்.

மனைவி செத்த வருஷம், இரண்டு வயது மகளைக் குழந்தைகள் இல்லத்தில் விட்டுவிட்டு லாரி ஏறிய மனிதர் அவர். அவளை ஒரு வெளிநாட்டுத் தம்பதி தத்தெடுத்துப் போனார்கள். தமிழ் அறியாமல் வளர்ந்தவள், அவர் இருக்கும் இடத்தை எப்படியோ விசாரித்து, வருஷத்துக்கு ஒரு ஆங்கிலக் கடிதம் போட்டாள்.

"ஏன் என்னை விட்டுவிட்டுப் போனீர்கள்? ஐ ஆம் வெரி ஆங்ரி."

நான்கு வருஷமும் அதே கேள்வி, அதே கோபம். அந்தக் கடிதங்களையே பாடப் புத்தகமாக வைத்துக்கொண்டு கோதண்டம் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பதில் போட்டீங்களா?" என்று ஒவ்வொரு முறையும் குரு கேட்பார்.

"பிழையில்லாம எழுத வரட்டும்மா. படிச்ச பொண்ணு, பார்த்துச் சிரிச்சிடக் கூடாது."

ஐந்தாவது கடிதத்தோடு அவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். அதில் கேள்வி இல்லை. ஒரே வரிதான்.

"ஐ ஆம் டூ டயர்ட் டு பி ஆங்ரி."

"வெரின்னாலும் டூன்னாலும் ரொம்பங்கிறதுதானேம்மா? ரொம்பக் களைச்சுப் போயிட்டா, பாவம். கோபம் தீர்ந்துடுச்சு. இனி தைரியமா எழுதலாம்."

மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. குரு சிரிக்கவில்லை. அடுக்களைக்குப் பின்னால் இருந்த கிணற்றுக்கு அவரை அழைத்துப் போனார்.

"தண்ணி இறைங்க."

மழை பொய்த்த வருஷம். கோதண்டம் வாளியை இறக்கினார். கயிறு முழுவதும் ஓடி முடிந்தது. வாளி அந்தரத்தில் ஆடிக்கொண்டு நின்றது.

"எட்டலைம்மா."

"போன வருஷம்?"

"அப்பவும் ஆழந்தான். இறைச்சு இறைச்சுக் கை காய்ச்சுப் போச்சு. ஆனா தண்ணி வந்துச்சு."

"அது வெரி. இது டூ."

கோதண்டம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். கையில் பிடித்திருந்த கயிற்றின் நுனியைப் பார்த்தார்.

"இன்னொரு கயிறு முடிஞ்சு போட்டா எட்டும் இல்லம்மா?"

குரு வாளியை மேலே இழுத்தார். உலர்ந்த வாளியைத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

"நாலு வருஷமா அவதான் முடிஞ்சு முடிஞ்சு போட்டா."