முங்கிய ஓட்டு செல்லாது

கருவேலங்குளத்தில் கொடுக்காயி என்று ஒரு நண்டு இருந்தாள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நண்டுக்கு ஏது மூக்கு என்று கேட்காதீர்கள். கேட்டால் அதற்கும் கோபப்படுவாள்.

அந்தக் குளம் கோடையில் வற்றிவிடும். நடுவில் இருக்கும் மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். மடுவில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்று முடிவு செய்வது குளத்துத் தலைவர்தான். அதனால் ஒவ்வொரு கோடைக்கு முன்பும் அங்கே தேர்தல் நடக்கும். படித்துறைப் பாறையில் போட்டியிடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு இடம் ஒதுக்குவார்கள். பிடித்தவர் இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

போன ஆண்டு வெள்ளைச்சாமி என்ற கொக்கு ஒரு யோசனை சொன்னார்.

"இன்னும் எத்தனை நாளைக்குப் பாறையிலயே கல்லு வைக்கிறது? ஓட்டுப்பெட்டி தண்ணியில மிதக்கட்டும்! ஆளுக்கொரு கொட்டாங்குச்சி. எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஒளிவு மறைவே கிடையாது!"

"முங்கிப் போச்சுன்னா?" என்று கேட்டாள் கொடுக்காயி.

"முங்கின ஓட்டு செல்லாது. கண்ணுக்குத் தெரியாததை எப்படி எண்ணுறதாம்?"

தவளைகள் கைதட்டின. மிதக்கும் ஓட்டுப்பெட்டி! பக்கத்து ஏரியில்கூட இல்லாத வசதி! அந்தச் சத்தத்தில் கொடுக்காயியும் வாயை மூடிக்கொண்டாள்.

தேர்தல் வந்தது. குளமே திரண்டு போய் மத்தளம் என்ற குண்டுத் தவளைக்கு ஓட்டுப் போட்டது. கல்லுக்கு மேல் கல்லாக விழுந்தது. மத்தளத்தின் கொட்டாங்குச்சி நிறைந்தது, ஆடியது, குபுக்கென்று முங்கிப் போனது.

வெள்ளைச்சாமிக்கு விழுந்தது இரண்டே ஓட்டு. ஒன்று அவர் போட்டது, இன்னொன்று அவர் மனைவி போட்டது. அவருடைய கொட்டாங்குச்சி ஜம்மென்று மிதந்தது.

"வெள்ளைச்சாமி வெற்றி!" என்று அறிவித்தார் தேர்தல் அதிகாரி ஆமையார்.

"ஐயா, எங்க ஓட்டெல்லாம் அடியிலதானே கிடக்கு! முங்கி எண்ணிப் பாருங்களேன்!" என்று கத்தினாள் கொடுக்காயி.

"தேர்தல் அதிகாரி நனையக் கூடாது," என்றார் ஆமையார். அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். முதுகில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

புதுத் தலைவர் போட்ட முதல் உத்தரவு இது: மடு, தலைவர் கால் கழுவுவதற்கு மட்டும். மற்றவர்கள் எல்லோரும் கரையோரச் சேற்றில் இருக்க வேண்டியது. சேற்றில் ஒளிய இடமில்லை. வெள்ளைச்சாமி நின்ற இடத்தில் நின்றபடி, கழுத்தை மட்டும் நீட்டிச் சாப்பிட்டார். கொடுக்காயியின் குஞ்சுகளில் பாதி போய்விட்டன. அவள் கரையில் கிடந்து அழுதாள்.

"எல்லாம் மக்கள் தீர்ப்பும்மா!" என்றார் வெள்ளைச்சாமி, அலகைத் துடைத்துக்கொண்டே.

இந்த ஆண்டும் தேர்தல் வந்தது. தவளைகளும் மீன்களும் ஆலோசனைக் கூட்டம் போட்டன.

"போன தடவை ஏன் தோத்தோம்?" என்று கேட்டான் மத்தளம்.

"ஓட்டு பத்தல!"

"அதேதான்! இந்தத் தடவை ஆளுக்கு ரெண்டு கல்லு!"

"கல்லும் பெருசா இருக்கணும்!"

கொடுக்காயிக்குத் தாங்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள். "அட மண்டூகங்களா! இந்தத் தடவை எல்லாரும் கொக்குக்கே ஓட்டுப் போடுங்க!"

குளமே கிடுகிடுத்தது.

"துரோகி!"

"கொக்கு உனக்கு என்ன குடுத்தான்? சொல்லு!"

"எம் புள்ளைங்கள்ல பாதியை முழுங்கினான். அதான் அவன் எனக்குக் குடுத்தது," என்றாள் கொடுக்காயி. "மீதிப் பாதி இந்தக் கோடையில போயிடும். அதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் கண்ணைத் தொறந்து பாருங்க!"

கரையில் கிடந்த ஒரு கொட்டாங்குச்சியைத் தண்ணீரில் தள்ளினாள். ஒரு கல்லைப் போட்டாள். மிதந்தது. இன்னொன்று. மிதந்தது. கை ஓயாமல் போட்டுக்கொண்டே இருந்தாள். குபுக்! முங்கியது.

தவளைகள் தண்ணீரையே பார்த்தன. கெண்டை மீன்கள் ஒன்றையொன்று பார்த்தன.

"அப்போ... ஓட்டு வாங்கினா தோல்வியா?" என்றது ஒரு தவளை.

"அளவா வாங்கினா வெற்றி. அள்ளி வாங்கினா தோல்வி. கொக்கு போட்ட விதி அப்படி!"

எல்லோருக்கும் புரிந்தது. மத்தளத்துக்கு மட்டும் முகம் தொங்கிப் போனது. "அக்கா, அப்போ எனக்கு எத்தனை ஓட்டு?"

"ஒண்ணு. உன்னோடதை நீயே போட்டுக்கோ."

"ஒண்ணா! என் கௌரவம் என்ன ஆகுறது? ஒரு பத்தாவது போடச் சொல்லுங்கக்கா!"

"தம்பி, உனக்கு ஓட்டு வேணுமா, ஜெயிக்கணுமா?"

மத்தளம் நெடுநேரம் யோசித்தான். இரண்டும் வேண்டும் என்றான். கொடுக்காயி கொடுக்கை விரித்துக் காட்டினாள். ஒன்றே போதும் என்று ஒப்புக்கொண்டான்.

தேர்தல் நாள். அன்று மட்டும் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது நடத்தை விதி. அதனால் வெள்ளைச்சாமி பட்டினியோடு, ஒற்றைக் காலில், கண்ணை மூடி நின்றார். முதல் கல் அவருடைய கொட்டாங்குச்சியில் 'டொக்' என்று விழுந்தது. ஒரு கண்ணைத் திறந்தார்.

"வெள்ளைச்சாமி வாழ்க!" என்றது ஒரு தவளை.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. தவளைகள் வரிசையில் நின்று போட்டன. மீன்கள் வாயில் கவ்வி வந்து போட்டன. கொடுக்காயி தன் குஞ்சுகளையும் கூட்டி வந்தாள். ஆளுக்கொரு கல். வெள்ளைச்சாமிக்குக் கண் கலங்கியது.

"பாத்தியா!" என்றார் மனைவியிடம். "தின்னாலும் ஜனங்க நம்மளை மறக்கல!"

அவர் மனைவியும் உருகிப் போய் ஒரு கல்லைப் போட்டார். கொட்டாங்குச்சி விளிம்பில் தண்ணீர் தொட்டது. வெள்ளைச்சாமி அதைப் பார்த்தார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போதும்! உங்க அன்பு போதும்! எனக்கு ஓட்டுப் போடாதீங்க!"

"அப்படிச் சொல்லாதீங்க தலைவரே!" என்று கூவின தவளைகள். டொக்! டொக்!

"ஐயோ! மத்தளத்துக்கும் கொஞ்சம் போடுங்கப்பா! அவரு ரொம்ப நல்லவரு! என்னைவிட நல்லவரு!"

யாரும் கேட்கவில்லை. வெள்ளைச்சாமி பாய்ந்து வந்து கற்களைக் கொத்தி எடுக்கப் பார்த்தார். "ஓட்டுப்பெட்டியில் வாய் வைப்பது குற்றம்!" என்று அதட்டினார் ஆமையார். அதற்குள் குபுக்கென்று சத்தம் கேட்டது.

மத்தளத்தின் கொட்டாங்குச்சி ஒற்றைக் கல்லோடு மிதந்துகொண்டிருந்தது.

"மத்தளம் வெற்றி!"

"அநியாயம்! குளமே எனக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கு! அடியில கிடக்கு பாருங்க! முங்கி எண்ணுங்க!"

"அதிகாரி நனையக் கூடாது. நீங்கதானே சொன்னீங்க, முங்கின ஓட்டு செல்லாதுன்னு," என்றார் ஆமையார்.

அன்றே மடு எல்லோருக்கும் திறந்தது. கொடுக்காயியின் குஞ்சுகள் ஆழத்தில் இறங்கிக் காணாமல் போயின. அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். பிறகு தலைவரைப் பார்க்கப் போனாள். மத்தளம் அந்தக் கொட்டாங்குச்சியிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, முதல் வேலையா இந்தக் கூத்தை நிறுத்து. பழையபடி பாறையிலயே கல்லு வைப்போம்."

"எதுக்குக்கா?" என்றான் மத்தளம். "இது அருமையான விதி! என்னையே ஜெயிக்க வச்ச விதி!"

கொடுக்காயிக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் கத்தவில்லை. திரும்பி நின்று, குளம் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! நம்ம மத்தளம் தங்கமான தலைவர்! அடுத்த தேர்தல்ல நம்ம ஓட்டு மொத்தமும் அவருக்குத்தான்!"

"மத்தளம் வாழ்க!" என்று கூவியபடி தவளைகள் அப்போதே கல் பொறுக்கத் தொடங்கின. கெண்டைகள் பெரிய கற்களாகத் தேடிக் கவ்வின.

மத்தளம் வெலவெலத்துப் போனான். மறுநாள் விடியும் முன்பே படித்துறைப் பாறையை அவனே கழுவித் துடைத்து வைத்துவிட்டான்.

யாருக்கு ஓட்டுப் போடுகிறோம் என்று பார்த்தால் மட்டும் போதாது, போட்ட ஓட்டை எப்படி எண்ணுவார்கள் என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.